பெரிய கணினி வேண்டுமா? சரியான செட்டிங் வேண்டுமா?

(கணினி மூலை – வீடியோ எடிட்டிங் பாடம்)



நம் பள்ளியில் படித்த பழைய மாணவர்கள் சேர்ந்து வீடியோ எடிட்டிங் செய்ய ஒரு கணினி வாங்கித் தரப் போகிறார்கள் என்று தலைமையாசிரியை அம்மா பிரேயரில் சொன்னாங்க. ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றையும் இனி நாமே தொகுக்கலாம். அதில் முதல் வேலை நம்ம ஊர் ஒயிலாட்ட வாத்தியார் தாத்தாவின் ஆட்டம். நாலு செல்போனில் எடுத்த வீடியோ இருக்கிறது. தாத்தாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது. இனிமேல் முழு ஆட்டமும் ஆடிக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வீடியோ போனால் போனதுதான்.

கணினி வாங்க டவுனில் ஒரு கடையில் விலைப்பட்டியல் கேட்டார்கள். அதில் பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தது. கலர் கலராக விளக்கு எரியும் பெட்டி இருந்தது. ஆனால் யு.பி.எஸ். இல்லை. காப்பு எடுத்து வைக்க இன்னொரு ஹார்டு டிஸ்க்கும் இல்லை. மொத்தத் தொகையோ பழைய மாணவர்கள் தருவதாகச் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதனால், "எது தேவை, எது தேவையில்லைன்னு படிச்சு எழுது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் படிக்கட்டும்" என்று கணினி டீச்சர் என்னிடம் சொன்னாங்க. அதுதான் இந்த நாலு சார்ட் தாள். பொறுமையாகப் படிங்க.

1. முதலில் ஒரு கணக்கு

வீடியோ என்பது வேகமாக மாறும் புகைப்படங்களின் வரிசை. ஒவ்வொரு புகைப்படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். 1080பி என்று சொல்கிறோமே, அதில் ஒரு ஃபிரேம் 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். பெருக்கிப் பாருங்க: 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்துக்கு மூன்று பைட். ஆகவே ஒரு ஃபிரேமுக்கு 62,20,800 பைட், அதாவது சுமார் 6.2 எம்.பி. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 155 எம்.பி. ஒரு நிமிஷத்துக்கு 9 ஜி.பி.க்கு மேல் வந்துவிடும்!

ஆனால் நம் செல்போனில் ஒரு நிமிஷ 1080பி வீடியோ சுமார் 130 எம்.பி.தான் இருக்கும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் எங்கே, நூற்று முப்பது எங்கே! ஏறக்குறைய 70-இல் ஒரு பங்கு. மீதி எல்லாம் எங்கே போச்சு?

இதைப் புரிந்துகொண்டால் கணினி ஏன் திணறுகிறது என்பது புரிந்துவிடும். எனவே அடுத்த பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

2. வருகைப் பதிவேடு மாதிரி

நம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் தினமும் எல்லார் பேரும் எழுதுவதில்லை. மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை எழுதுகிறோம், பிறகு மாற்றத்தை மட்டும் குறிக்கிறோம். செல்போனும் அதேதான் செய்கிறது. முதலில் ஒரு முழு ஃபிரேமைச் சேமிக்கும். அடுத்த ஃபிரேமில் தாத்தாவின் கைக்குட்டை மட்டும் அசைந்திருந்தால், அசைந்ததை மட்டும் எழுதிக்கொள்ளும். பின்னால் உள்ள வேப்பமரம் அப்படியே இருப்பதால் அதைத் திரும்ப எழுதாது. இப்படிச் சுருக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264 இப்போதும் அதிகம் பயன்படுகிறது. 2013-இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரும். ஆனால் அதை விரிக்கக் கணினி இன்னும் அதிகமாகக் கணக்குப் போட வேண்டும்.

சரி, இதனால் என்ன கஷ்டம்? படம் நேராக ஓடும்போது பெரிய கஷ்டம் இல்லை. எடிட்டிங்கில் நாம் நேராக ஓட்டுவதில்லையே! முன்னே போவோம், பின்னே வருவோம், நடுவில் குதிப்போம். "20-ஆவது ஃபிரேமைக் காட்டு" என்றால் கணினி முதல் முழு ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு மாற்றமாகக் கூட்டிக்கொண்டு வந்துதான் காட்ட முடியும். ஒவ்வொரு தடவை மவுஸை நகர்த்தும்போதும் இதே கதை. அதனால்தான் செல்போனில் நன்றாக ஓடும் வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நின்று நின்று ஓடுகிறது.

ஒரு ஆச்சரியமான விஷயம். 4கே வீடியோ விநாடிக்குச் சுமார் 48 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆகவே விநாடிக்கு 6 எம்.பி. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கே விநாடிக்கு 80 முதல் 100 எம்.பி. வரை வரிசையாகப் படிக்கும். அப்போ ஒரே ஒரு வீடியோ திணறினால் பெரும்பாலும் குற்றவாளி ஹார்டு டிஸ்க் இல்லை, விரிக்கிற வேலைதான். "வீடியோ ஓடலையா? பெரிய டிஸ்க் போடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீங்க!

3. கணினிக்குள்ளே யாருக்கு என்ன வேலை?

நம் சத்துணவுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிராசசர் – சமைக்கிற அம்மா. விரிக்கும் வேலை, வெட்டி ஒட்டும் வேலை, கடைசியில் முழுப் படமாகச் செய்யும் வேலை எல்லாம் இவரிடம்தான். இவருக்குள் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை கை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரேம் – காய் நறுக்கும் திண்ணை. திண்ணை சின்னதாக இருந்தால் பாதிக் காயை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு மீதியை நறுக்க வேண்டும். நடப்பதிலேயே நேரம் போகும். 1080பி வேலைக்கு 8 ஜி.பி. குறைந்தபட்சம். 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

டிஸ்க் – அரிசி மூட்டை வைக்கும் அறை. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இடம் அதிகம், விலை குறைவு, வேகம் குறைவு. சாட்டா எஸ்.எஸ்.டி. விநாடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும். கணினி திறப்பது, மென்பொருள் திறப்பது, நாலு செல்போன் வீடியோவுக்கு மாறி மாறிக் குதிப்பது எல்லாம் எஸ்.எஸ்.டி.யில் வேகமாக நடக்கும்.

கிராபிக்ஸ் கார்டு – தனியாக வாங்கிப் போடுகிற கிரைண்டர் மாதிரி. மாவு ஆட்டுகிற நாளில் பெரிய உதவி. அன்றைக்கு வெறும் சாம்பார் சாதம் என்றால் மூலையில் சும்மா நிற்கும்.

பல பிராசசருக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் பகுதி உண்டு. வீடியோவை விரிப்பதற்கென்றே அதில் தனிச் சுற்று இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 2011-இல் இதற்கு குவிக் சின்க் என்று பெயர் வைத்தது. எச்.265-ஐயும் முழுசாக விரிக்கும் சுற்று 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை பிராசசரில் சேர்ந்தது. மென்பொருள் இந்தச் சுற்றைப் பயன்படுத்தினால் சமைக்கிற அம்மாவுக்குப் பாதி பாரம் குறையும். கவனம்! இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது, இந்தச் சுற்றும் கிடையாது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டால் தனியாகக் கார்டு வாங்கியே ஆக வேண்டும்.

திணறுவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகம் வேண்டாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று உண்டு. எடிட்டிங் செய்துகொண்டே அதைத் திறந்து பாருங்கள். பிராசசர் 100 சதவீதம் காட்டினால் அவருக்குத்தான் பாரம். மெமரி நிரம்பி இருந்தால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 காட்டினால் டிஸ்க். டாக்டர் காய்ச்சல் பார்த்துவிட்டுத்தானே மருந்து எழுதுவார்? கணினிக்கும் அப்படித்தான்.

4. மென்பொருளை முதலில் முடிவு செய்யணும்

செருப்பு வாங்கிவிட்டுக் காலை அளக்கக் கூடாது. எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறோம் என்று தெரியாமல் கணினி வாங்கக் கூடாது.

கேடென்லைவ், ஷாட்கட், ஓபன்ஷாட் ஆகிய மூன்றும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இவை பெரும்பாலும் பிராசசரையும் ரேமையும் நம்பியே வேலை செய்கின்றன. வெட்டி ஒட்ட, பெயர் எழுத, பாட்டுச் சேர்க்க, ஒலியைக் கூட்டிக் குறைக்க இவை தாராளமாகப் போதும்.

டாவின்சி ரிசால்வ் என்பதற்கும் இலவசப் பதிப்பு உண்டு. நிறம் திருத்துவதில் கெட்டிக்காரன். ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை அதிகமாக நம்புகிறது. அதை எடுத்தால் கார்டுக்குச் செலவு செய்தே ஆகணும்.

நமக்கு என்ன வேலை? ஒயிலாட்டம், பேச்சுப் போட்டி, ஓட்டப் பந்தயம். சினிமாவுக்கு நிறம் திருத்தப் போவதில்லை. அதனால் என் கருத்துப்படி முதல் மூன்றில் ஒன்று போதும். கடைப் பட்டியலில் இருந்த பெரிய கிராபிக்ஸ் கார்டை நிறுத்தி வைக்கலாம். பின்னால் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளும்படி பெட்டியில் இடமும், அதைத் தாங்குகிற பவர் சப்ளையும் இருந்தால் சரி.

5. நகலில் வெட்டு, அசலில் முடி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படிங்க.

பிலிமில் சினிமா எடுத்த காலத்தில் கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவை எடிட்டர் தொடவே மாட்டார். அதில் கீறல் விழுந்தால் படமே போச்சு. நெகட்டிவிலிருந்து ஒரு பாசிட்டிவ் நகல் எடுப்பார்கள். எடிட்டர் அந்த நகலைத்தான் வெட்டுவார், ஒட்டுவார், பிடிக்கவில்லை என்றால் பிரிப்பார். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஓரத்தில் அடிக்கு ஒரு எண் அச்சாகி இருக்கும். ஒரு அடியில் 16 ஃபிரேம். எல்லாம் முடிந்த பிறகு அந்த எண்களைப் பார்த்து, நகலில் எங்கே வெட்டு இருக்கிறதோ அதே இடத்தில் நெகட்டிவை ஒரே ஒரு தடவை வெட்டுவார்கள்.

1989-இல் ஆவிட் என்ற நிறுவனம் கணினியில் எடிட் செய்யும் கருவியைக் கொண்டுவந்தது. அப்போது டிஸ்க்கில் இடம் மிகக் குறைவு. அதனால் தரம் குறைந்த படத்தைக் கணினிக்குள் ஏற்றி அதில்தான் வெட்டினார்கள். வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற எடிட்டர் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' என்ற படத்தை ஆவிட்டில் தொகுத்து 1997-இல் ஆஸ்கர் விருது வாங்கினார். கணினியில் தொகுத்த படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் கிடைத்தது அதுதான் முதல் முறை. அதே மர்ச் 2003-இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தைக் கடையில் யாரும் வாங்கக்கூடிய ஆப்பிள் கணினிகளில் ஃபைனல் கட் புரோ மென்பொருள் வைத்துத் தொகுத்தார். அந்தக் கணினியின் வேகம் இப்போது நம் கையில் இருக்கும் செல்போன் அளவுக்குக் கூட வராது. அப்புறம் எப்படி முடிந்தது? நகலில் வெட்டியதால் முடிந்தது.

இந்த நகலுக்கு இப்போது பிராக்ஸி என்று பெயர். கேடென்லைவிலும் ஷாட்கட்டிலும் இந்த வசதி இருக்கிறது. அதை இயக்கினால் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சின்ன நகலை மென்பொருளே செய்துகொள்ளும். நாம் வெட்டுவது நகலில். கடைசியில் படமாக வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாகவே அசலை எடுத்துக்கொள்ளும். தரம் ஒரு துளியும் குறையாது.

கணக்கைப் பாருங்க. 4கே ஃபிரேமில் 3840 × 2160 = 82,94,400 புள்ளி. 640 × 360 அளவுள்ள நகலில் 2,30,400 புள்ளி. வகுத்தால் 36. அதாவது 36 மடங்கு சின்னது!

நாங்கள் இதை நம் லேபில் உள்ள பழைய கணினியிலேயே செய்து பார்த்தோம். அதில் 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். தாத்தாவின் 4கே வீடியோவைப் போட்டால் சத்தம் போகும், படம் நிற்கும். பிராக்ஸியை இயக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். மணி அடித்து வந்து பார்த்தால் நகல் தயார். அதே கணினியில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தோம், கூடவே வந்தது! எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி, "அக்கா, புதுக் கணினி வந்துட்டா?" என்று கேட்டாள்.

மூன்று எச்சரிக்கை:

அ) வேலை தொடங்கிய பிறகு அசல் ஃபைலின் பெயரை மாற்றாதீங்க, வேறு இடத்துக்கு நகர்த்தாதீங்க. மென்பொருள் தேடித் தவிக்கும்.

ஆ) கேடென்லைவில் படத்தை வெளியே எடுக்கும் பெட்டியில் "பிராக்ஸியைப் பயன்படுத்து" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் மங்கலான நகலே படமாக வந்துவிடும்.

இ) நகலுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும். படம் முடிந்த பிறகு நகலை அழிக்கலாம். அசலை அழிக்கவே கூடாது.

6. எடுக்கும்போதே சரியாக எடுத்தால் பாதி வேலை முடிந்தது

இனி எடுக்கப் போகும் வீடியோக்களுக்கு:

அளவு: நம் பள்ளி டி.வி.யிலும் செல்போனிலும் பார்ப்பதற்கு 1080பி போதும். தாத்தாவின் ஆட்டம் போல காலாகாலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதை மட்டும் 4கே-யில் எடுக்கலாம். நாலு செல்போனிலும் ஒரே அளவு, ஒரே ஃபிரேம் வேகம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபிரேம் வேகமும் டியூப் லைட்டும்: நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் பழைய டியூப் லைட்டும் சில எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்! வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். இதைத் தவிர்க்க ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைக்க வேண்டும். ஷட்டர் மாற்ற முடியாத செல்போனில் 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவில் 25 ஃபிரேம் வசதி இருந்தால் அதுவே நம் விளக்குக்கு நல்ல ஜோடி.

சத்தம் விலகுவது: செல்போன் பல நேரம் ஒரே சீரான வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகம் குறையும். இதற்கு மாறும் ஃபிரேம் வேகம் என்று பெயர். எடிட்டிங் மென்பொருளுக்கு இது பிடிக்காது. பத்து நிமிஷம் போனால் பாட்டு ஒரு பக்கம், வாயசைப்பு ஒரு பக்கம் போய்விடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் "கான்ஸ்டன்ட்" என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். ஒயிலாட்டத்தில் அடவு தவில் சத்தத்தோடு விழவில்லை என்றால் தாத்தா திட்டுவார், ஆகவே இதை மறக்காதீங்க!

அனுப்புவது: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜி.பி. வரை அப்படியே போகும். எல்லாவற்றையும் விட கேபிள் போட்டு ஏற்றுவதே நல்லது.

மென்பொருளில் புதிய வேலையைத் தொடங்கும்போது முதலில் புராஜெக்ட் செட்டிங்கைப் பாருங்கள். பெரும்பாலான வீடியோ எந்த அளவில், எந்த ஃபிரேம் வேகத்தில் இருக்கிறதோ அதையே வையுங்கள். பாதியில் மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும்.

7. மூன்று நகல், இரண்டு வகை, ஒன்று வெளியே

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது. கல்யாண வீடியோ முழுவதையும் ஒரே ஒரு கையடக்க ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தார்கள். குழந்தை இழுத்துக் கீழே போட்டது. அதன்பிறகு அது திறக்கவே இல்லை. அந்த வீடியோவில் அவர்கள் வீட்டுத் தாத்தா இருந்தார். இப்போது அவர் இல்லை. அந்த அத்தை இன்னமும் அதைப் பீரோவில் துணி சுற்றி வைத்திருக்காங்க.

எனவே 3-2-1 என்ற விதியை மனப்பாடம் செய்யுங்கள். மொத்தம் 3 பிரதி. 2 வகையான சேமிப்பில். அதில் 1 வேறு இடத்தில். நமக்கு எப்படி? ஒரு பிரதி பள்ளிக் கணினியில். ஒரு பிரதி வெளி ஹார்டு டிஸ்க்கில், தலைமையாசிரியை அம்மா அறைப் பீரோவில். ஒரு பிரதி வேறு ஒரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. செல்போனில் இருக்கும் வீடியோவை மூன்று பிரதியும் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

ஃபோல்டரும் ஒழுங்காக இருக்கட்டும். ஒரு விழாவுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள்ளே அசல், ஒலி, புராஜெக்ட், முடிந்தது என்று நாலு அறை. பேருக்கு முன்னால் தேதி.

இன்னொன்று: பழைய பென் டிரைவ் பல, ஃபேட்32 என்ற முறையில் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. டிரைவ் காலியாக இருந்தாலும் "இடமில்லை" என்ற மாதிரி சொல்லும். பயப்பட வேண்டாம். உள்ளே உள்ளதை எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் போதும்.

கரண்ட் விஷயம் சொல்லவே வேண்டாம். எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து செய்யணும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் ஃபைலே கெடலாம். ஆகவே யு.பி.எஸ். என்பது ஆடம்பரம் இல்லை. மென்பொருளில் தானாகச் சேமிக்கும் செட்டிங்கும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

8. வெளியே எடுக்கும் செட்டிங்

டி.வி.யில் பென் டிரைவ் போட்டுப் பார்க்க எம்.பி.4 ஃபைல், எச்.264 கோடெக், ஏ.ஏ.சி. ஒலி. இது ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். பிட் வேகம் எவ்வளவு? யூடியூப் நிறுவனம் 1080பி, 30 ஃபிரேம் வரை உள்ள வீடியோவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் வைக்கச் சொல்கிறது. நாமும் அதையே வைக்கலாம். கை கால் வேகமாக அசையும் ஆட்டத்துக்கு 12 வரை கூட்டலாம். 17-இல் எடுத்த வீடியோவை 50-இல் வெளியே எடுத்தால் தரம் கூடாது, ஃபைல்தான் பெருக்கும். பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போலத்தான்.

9. அப்படியானால் என்ன வாங்கலாம்?

பணம் இருக்கும் அளவுக்கு இந்த வரிசையில் போகலாம் என்பது என் தாழ்மையான கருத்து:

முதலாவது – உள்ளே கிராபிக்ஸ் பகுதி உள்ள, சமீபத்திய தலைமுறை, 6 கோர் பிராசசர். மிக உயர்ந்ததும் வேண்டாம், மிகப் பழையதும் வேண்டாம்.

இரண்டாவது – 16 ஜி.பி. ரேம். ஒரே 16 ஆக வாங்காமல் 8 + 8 என்று ஜோடியாகப் போட்டால் ஒரே நேரத்தில் இரண்டு வழியாகத் தகவல் போகும்.

மூன்றாவது – மென்பொருளுக்கும் நடக்கும் வேலைக்கும் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பழையவற்றை அடுக்கி வைக்கச் சுழலும் ஹார்டு டிஸ்க்.

நாலாவது – காப்புக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க், ஒரு யு.பி.எஸ். இவை இரண்டும் இல்லாமல் பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது!

ஐந்தாவது – மீதி இருந்தால் நல்ல மானிட்டரும் காதை மூடும் ஹெட்போனும்.

கடைசி – தனி கிராபிக்ஸ் கார்டு. விளக்கு எரியும் பெட்டி பட்டியலிலேயே வேண்டாம்.

ரேம், எஸ்.எஸ்.டி. விலை மாறிக்கொண்டே இருக்கும். 2025 கடைசியில் ரேம் விலை வேகமாக ஏறியது. அதனால் நான் விலை எதுவும் எழுதவில்லை. கூட்டத்துக்கு முந்தின வாரம் இரண்டு மூன்று கடையில் புதிதாகப் பட்டியல் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு யோசனை. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் நம்ம ஊர் அக்கா அண்ணன்கள் வாங்கிய மடிக்கணினி பல வீட்டில் பரணில் கிடக்கிறது. அதில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி., கூடுதலாக ஒரு ரேம் பலகை போட்டால் பிராக்ஸி வைத்து எடிட்டிங் பழகலாம். வாங்குவதற்கு முன் டி.டி.ஆர்.3-ஆ, டி.டி.ஆர்.4-ஆ என்று பாருங்கள். ஒன்று இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்தாது. ஒரு கணினிக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பதை விட, நாலு மடிக்கணினியில் பத்துப் பத்துப் பேர் பழகுவது நல்லதுதானே? புதுக் கணினி வரும்வரை தாத்தாவின் ஆட்டத்தை லேப் கணினியில் பிராக்ஸி போட்டு வெட்டத் தொடங்கலாம் என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டார்.

10. பயிற்சி – நீங்களே செய்து பாருங்கள்

1. விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் 20 நிமிஷப் படம் எத்தனை எம்.பி.? 4 ஜி.பி. பென் டிரைவில் அடங்குமா?

2. விநாடிக்கு 48 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் 4கே எடுத்தால் எத்தனை ஜி.பி. வேண்டும்?

3. 32 ஜி.பி. பென் டிரைவ் காலியாக இருக்கிறது. 6 ஜி.பி. ஃபைல் ஏற மறுக்கிறது. ஏன்?

4. வீடியோ திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 100, ரேமும் டிஸ்க்கும் பாதிதான். காசு செலவில்லாமல் முதலில் என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1) 1,200 எம்.பி., அடங்கும். 2) 21.6 ஜி.பி. 3) ஃபேட்32 முறை. 4) பிராக்ஸியை இயக்குவேன்.

நாலும் சரியாகப் போட்டவர்கள் கணினி டீச்சரிடம் பேர் கொடுங்க. எடிட்டிங் குழுவில் இன்னும் ஆறு இடம் காலியாக இருக்கிறது. ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் வரலாம், வயசு தடை இல்லை.

இந்தத் தாளுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறேன். பட்டியலில் எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று பென்சிலால் எழுதுங்கள். ஆசிரியர்களும் எழுதலாம். வெள்ளிக்கிழமை மாலை அதை அப்படியே நோட்டில் எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கணினி மன்றம்